பள்ளத்துல கொட்டின கக்கூஸ் கசடும் அங்க மிச்சமிருக்கிற பூச்சியும்: வாசகர் கேள்வி பதில்

ஊர்ப் பூச்சிங்களப் பத்தி என்ன வேணாலும் கேளுங்கன்னு போன இதழ்ல எழுதியிருந்தோம், வந்த லெட்டர்லயும் வாட்ஸ்அப்லயும் பாதிக்கு மேல ஒரே சங்கதிதான். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம்னு தமிழ்நாடு-கேரளா பார்டர் ஓரத்துல இருக்கிற ஊர்க்காரங்க எல்லாருமே, ராத்திரி டேங்கர் லாரி வந்து செப்டிக் டேங்க் கசடைத் தொறந்துவிட்டுட்டுப் போறதப் பத்தித்தான் எழுதியிருக்கீங்க. அதனால இந்தத் தடவை மத்த கேள்வியெல்லாம் தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: சார், நான் பி.எஸ்சி. விலங்கியல் ஃபைனல் இயர். எங்க ஊர் பள்ளத்துல (சின்ன ஓடைதான்) கசடு கொட்டினதால பூச்சிங்களுக்கு என்ன ஆச்சுன்னு ப்ராஜெக்ட் பண்ணலாம்னு இருக்கேன். ஆனா எங்க பாட்டி, முன்னைவிட இப்பத்தான் தட்டான் ஜாஸ்தியா சுத்துதுன்னு சொல்றாங்க, ஃபோட்டோ அனுப்பியிருக்கேன். அப்ப கெடுதல் ஒண்ணும் இல்லையா? இதை எப்படி டெஸ்ட் பண்றது? (மாணவி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: பாட்டி பாத்தது நெசம்தான் கண்ணு. ஆனா நீ அனுப்பின ஃபோட்டோவ நல்லா பாரு, உடம்பு ஆரஞ்சு, றெக்கையிலயும் பாதிக்கு மேல ஆரஞ்சு, தண்ணிக்கு ரொம்பத் தாழ்வா புல்லு நுனியில உக்காந்திருக்கு, அது பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா. மலையாளத்துல சங்ஙாதித்தும்பின்னு சொல்லுவாங்க. சாக்கடை கலந்த குளம், குட்டை, ஓடை எல்லாத்துலயும் நல்லா வாழற ஜாதி இது, மத்த தட்டானுங்க போன எடத்துல இது மட்டும் பெருகும். அதனால தட்டான் இருக்கா இல்லையான்னு கணக்கெடுத்தா நம்மள நாமே ஏமாத்திக்கற மாதிரிதான் ஆகும், எது போச்சு, எது புதுசா வந்துச்சுன்னு பாக்கணும், ப்ராஜெக்ட்டோட முதுகெலும்பே இதுதான்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, கசடுல இருக்கிற மலமும் கொழுப்பும் தண்ணிக்குள்ள எறங்கினதும் பாக்டீரியா அதைத் தின்ன ஆரம்பிக்கும், தின்னும்போது தண்ணியில கரைஞ்ச ஆக்சிஜனையும் சேத்து இழுத்துக்கும். 30 டிகிரி சூட்டுல தண்ணியில ஆக்சிஜன் நெறஞ்சே இருந்தாலும் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் நிக்கும், 20 டிகிரின்னா 9 நிக்கும், அதாவது நம்ம பக்கம் வெயில் காலத்துல ஓடைக்கு முதல்லயே கையிருப்பு கம்மி. செப்டிக் டேங்க் கசடு சாதா சாக்கடைத் தண்ணியவிட பல மடங்கு கெட்டியானது, ஒரு டேங்கர் கொட்டினாலே சின்னப் பள்ளத்துக்கு மூச்சு முட்டிப்போகும். அதுவும் பகல்ல பாசி கொஞ்சம் ஆக்சிஜன் விடும், ராத்திரி அதுவும் இல்ல, விடியறதுக்கு முன்னாடிதான் ரொம்பக் கீழ போகும். பதினொரு மணிக்கு மீட்டர் எடுத்துட்டுப் போய் அளந்துட்டு ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்குன்னு ரிப்போர்ட் எழுதிடாத, விடிகாலையில போ, கூட வீட்டு ஆளுங்களையும் கூட்டிட்டுப் போ.

மூச்சு முட்டும்போது மொதல்ல சாகறது தண்ணிக்குள்ளயே செவுள்ல மூச்சு விடற பூச்சிங்கதான், மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கல்லையும் மண்ணையும் ஒட்டி கூடு கட்டிக்கிற கேடிஸ்ஃப்ளை, இதோட புழுவெல்லாம். தப்பிக்கிறது யாருன்னா மேல வந்து மூச்சு விடற ஆளுங்க. கியூலெக்ஸ் கொசுப்புழு தலைகீழா தொங்கிட்டு வாலு குழாய வெளிய நீட்டும். எரிஸ்டாலிஸ்னு ஒரு ஈ இருக்கு, வளந்தப்புறம் பாத்தா தேனீயேதான்னு நெனப்பீங்க, அதோட புழு கருங்குழம்பான கக்கூஸ் தண்ணிக்குள்ள கெடந்துட்டு தன் ஒடம்பைவிட நீளமா ஒரு வால் குழாய மேல நீட்டி காத்து இழுக்கும், தண்ணி ஏற ஏற அந்தக் குழாயும் நீளும், வெள்ளை ட்ரேயில போட்டு ஒரு தடவை பாத்தீன்னா மறக்கவே மாட்ட. அப்புறம் சேத்துக்குள்ள செவப்பா நெளியுமே ரத்தப்புழு, கைரோனாமஸ், அதுக்கு நம்ம ரத்தத்துல இருக்கிற மாதிரியே ஹீமோகுளோபின் இருக்கு, கொஞ்சூண்டு ஆக்சிஜன் கெடைச்சாலும் புடிச்சு வெச்சுக்கும்.

இப்ப டெஸ்ட்டுக்கு வருவோம். கொட்டின எடத்துல மட்டும் வலை போட்டா அது டெஸ்ட் ஆகாது. கொட்டின எடத்துக்கு மேல ஒரு எடம், கொட்டின எடம், கீழ கொஞ்ச தூரத்துல ஒண்ணு, இன்னும் நல்லா தள்ளி ஒண்ணு, இது போக யாருமே கொட்டாத வேற ஒரு பள்ளத்துல ஒண்ணு. எல்லா எடத்துலயும் அடிமண்ணு, தண்ணி ஓட்டம், நெழல் முடிஞ்சவரைக்கும் ஒரே மாதிரி இருக்கணும், ஒண்ணு பாறை ஒண்ணு சேறுன்னா வித்தியாசம் கசடால வந்துச்சா தரையால வந்துச்சான்னு சொல்லவே முடியாது. வலைய ஓட்டத்துக்கு எதுக்க வெச்சுட்டு அதுக்கு முன்னாடி காலால அடிமண்ண 3 நிமிஷம் கெளறணும், எல்லா எடத்துலயும் அதே 3 நிமிஷம், அதே வலை, முடிஞ்சா அதே ஆளு. வெள்ளை ட்ரேயில கொட்டி குடும்பம் குடும்பமா பிரிச்சு எண்ணு.

எந்தெந்தப் பூச்சிக் குடும்பம் இருக்குன்னு வெச்சு தண்ணிக்கு மார்க் போட இங்கிலாந்துக்காரங்க போட்ட பி.எம்.டபிள்யூ.பி. பட்டியல் இருக்கு, அழுக்கைத் தாங்காத தட்டை மேஃப்ளை குடும்பத்துக்கு 10, ரத்தப்புழு குடும்பத்துக்கு 2, மண்புழு ஜாதிச் சேத்துப் புழுவுக்கு 1. நம்ம மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் அதை நம்ம ஊருக்குத் தக்கன மாத்தி ஏ-லேர்ந்து இ வரைக்கும் தண்ணிய தரம் பிரிக்க வெச்சிருக்கு. நீ வாரியத்தோட பட்டியலையே எடுத்துக்கோ. ஏன்னா இங்கிலாந்துப் பட்டியல்ல நம்ம ஆரஞ்சு தட்டானோட குடும்பத்துக்கு 8 மார்க்கு! அதை அப்படியே போட்டா உங்க ஊர் கக்கூஸ் பள்ளம் மலை ஓடை ரேஞ்சுக்கு பாஸ் ஆயிடும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம், பறக்கற தட்டான எண்ணாத. அக்டோபர், நவம்பர்ல கூட்டம் கூட்டமா வருமே துலாத்தும்பி, பான்டலா ஃப்ளேவசென்ஸ், அது கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போற வழிப்போக்கன், உங்க பள்ளத்துல பொறந்ததுன்னு சொல்ல முடியாது. இங்க பொறந்ததுக்கு சாட்சி அது உரிச்சுட்டுப் போன சட்டைதான். விடிஞ்சதும் தண்ணியோரத்து கோரைத் தண்டு, கல்லு, பாலத்துச் சுவர் எல்லாம் பாரு, முதுகு கீறி காலி ஓடா ஒட்டிட்டு இருக்கும், உள்ள வெள்ளையா நூல் நூலா தொங்கும், அது மூச்சுக்குழாயோட உள்தோல். அந்தச் சட்டைய எடுத்து டப்பாவுல போட்டு எண்ணு, பூச்சிய கொல்லவும் வேண்டாம், ஆதாரமும் கெட்டி.

ஆழியாறு தண்ணி மூலத்தரை தடுப்பணை வழியா கால்வாய்ல தொறந்துவிட்ட வாரத்துலயும், பெருமழை பேஞ்ச வாரத்துலயும் சாம்பிள் எடுக்காத, அடிச்சுட்டுப் போயிருக்கும். பக்கத்துத் தோப்பு, வயல்ல எப்ப மருந்தடிச்சாங்கன்னு கேட்டு தேதி எழுதி வை. மருந்து செஞ்ச சாவை கசடு மேல போட்டுடக் கூடாது, கசடு செஞ்சதை மருந்து மேலயும் போடக் கூடாது.

கேள்வி: நான் ஸ்கூல்ல பயாலஜி டீச்சர். ஆத்துல எறங்காம, லேப்லயே கசடு கலந்து பூச்சிய வளத்து பாக்க முடியுமா? பசங்க ஆர்வமா இருக்காங்க. (சித்தூர்)

பதில்: முடியும் டீச்சர், ஆனா ஒரு கண்டிஷன், பிளஸ் டூவுக்குக் கீழ இருக்கிற பசங்க கை கசடு மேல படவே கூடாது. மஞ்சக்காமாலை, எலிக்காய்ச்சல், கொக்கிப்புழு எல்லாம் அதுல இருக்கு. நீங்க கலக்குங்க, கிளவுஸ், மாஸ்க், கண்ணாடி போட்டுக்கோங்க, டெட்டனஸ் ஊசி போட்டிருக்கணும், பசங்க தள்ளி நின்னு எண்ணட்டும். கேரளாவுல மூக்கு வழியா மூளைக்குப் போற அமீபா கேஸ் வருஷா வருஷம் வருது, அதனால ஓடையில எறங்குற பசங்க தண்ணியில முங்கவும் கூடாது, மூஞ்சி கழுவவும் கூடாது.

பூச்சிக்கு ரத்தப்புழுவையே எடுத்துக்கோங்க. உலக அளவுல லேபுங்க கடைப்பிடிக்கிற ஓ.இ.சி.டி. டெஸ்ட் முறை 218னு 2004ல வந்துச்சு, சேத்துல விஷம் கலந்து கைரோனாமஸ் எத்தனை வெளிய பறந்து வருதுன்னு 28 நாள் வரைக்கும் பாக்கறது. ஒரு பாத்திரத்துக்கு 20 குட்டிப் புழு. அடியில மண்ணு, அதுக்கு மேல நாலு மடங்கு ஒயரத்துக்கு தண்ணி, மீன் தீனிப் பொடி கொஞ்சமா, மேல வலை. குழாய்த் தண்ணியில குளோரின் இருந்தா ஒரு நாள் தொறந்து வெச்சுட்டு ஊத்துங்க. ஒண்ணுமே கலக்காத பாத்திரம், கொஞ்சம் கலந்தது, இன்னும் கொஞ்சம்னு படிப்படியா, ஒவ்வொரு படிக்கும் நாலு பாத்திரம். கலக்காத பாத்திரத்துல நூத்துக்கு 70 புழுவாவது கொசு மாதிரி பறந்து வெளிய வரணும், வரலைன்னா தப்பு உங்க வளர்ப்புல இருக்கு, அந்த டெஸ்ட்ட தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கணும். அதை விட்டுட்டு வந்த நம்பர வெச்சு கசடு கொன்னுடுச்சுன்னு சொல்லக் கூடாது.

இப்ப நான் ரொம்ப வற்புறுத்தி சொல்ற விஷயம். கசடு கலந்த பாத்திரத்துல புழு செத்தா, மூச்சு முட்டி செத்துச்சா விஷத்துல செத்துச்சா? ரெண்டும் ஒண்ணாத்தான் நடக்கும். பிரிச்சுப் பாக்க வழி இருக்கு, மீன் தொட்டிக்குப் போடற ஏர் பம்ப் வாங்கி ஒரு செட் பாத்திரத்துக்கு மட்டும் மெதுவா காத்து விடுங்க. காத்து விட்டும் செத்தா அம்மோனியாவோ, ஃபினாயிலோ, உலோகமோ ஏதோ வேலை செய்யுதுன்னு அர்த்தம். அம்மோனியா பொல்லாதது, தண்ணியோட பி.எச். (புளிப்பா காரமான்னு காட்டற அளவு) ஏறினா, சூடு ஏறினா அதோட விஷமும் ஏறும், அதனால பி.எச். பேப்பர்ல தெனமும் பாத்து எழுதணும். காத்து விட்டதும் பொழச்சுட்டா ஆக்சிஜன்தான் பிரச்சனை, அது ஓடற தண்ணியில கொஞ்ச தூரம் போனா சரியாகும், விஷம்னா அவ்வளவு சீக்கிரம் சரியாகாது. ஆக என்ன கெடுதல்னு தெரிஞ்சாத்தான் பஞ்சாயத்துக்கு என்ன சொல்லணும்னே தெரியும்.

சாகலைன்னாலும் விட்டுடாதீங்க. லேட்டா பறந்துச்சா, சின்னதா வந்துச்சான்னு பாருங்க. இன்னும் ஆர்வம் இருந்தா புழு உரிச்ச தலை ஓட்டை ஸ்லைடுல வெச்சு ஸ்கூல் மைக்ராஸ்கோப்ல பாருங்க, கீழ்த்தாடையில வரிசையா கருப்பா பல்லு இருக்கும், நடுவுல ஒண்ணு பெருசு, ரெண்டு பக்கமும் எறங்கு வரிசையில. உலோகமும் மத்த விஷமும் கலந்த சேத்துல வளந்த புழுங்களுக்கு அந்தப் பல்லு வரிசையில ஓட்டை விழுந்திருக்கும், ரெண்டு பல்லு ஒட்டியிருக்கும், கோணியிருக்கும். நூறு தலையில எத்தனை கோணல்னு ரெண்டு எடத்துக்கும் ஒப்பிட்டா அதுவே ஒரு நல்ல ப்ராஜெக்ட்.

கேள்வி: தண்ணி மேல நீள நீளக் காலோட ஓடுமே ஒரு பூச்சி, அது எங்க வாய்க்கால்ல இப்ப காணோம். ஏன்? (எட்டாம் வகுப்பு, வண்ணாமடை)

பதில்: நல்லா கவனிச்சிருக்க தம்பி. தண்ணி மேல கண்ணுக்குத் தெரியாம ஒரு இழுவிசை இருக்கு, அந்தப் பூச்சி அது மேலதான் நிக்குது. சோப்புத் தண்ணி, டிடர்ஜென்ட் கலந்தா அந்த இழுவிசை கொறஞ்சு போயிடும், காலு உள்ள எறங்கிடும். கக்கூஸ் கசடுல, குளிக்கிற துவைக்கிற தண்ணியில எல்லாம் இந்த சோப்பு இருக்கு. வீட்டுல ஒரு கிண்ணத்துல தண்ணி வெச்சு குண்டூசிய மெதுவா படுக்க வெச்சா மெதக்கும், ஓரத்துல ஒரு சொட்டு சோப்புத் தண்ணி விட்டுப் பாரு. பூச்சிய வெச்சு இதைப் பண்ணாத, குண்டூசி போதும்.

கேள்வி: ஏனுங்க, லாரிக்காரர் ஒருத்தர் கக்கூஸ் கசடை தென்னைக்கு ஓசியில போடறேங்கறார், நல்ல உரம்னு சொல்றார். போட்டா மரத்துக்கு வண்டு வருமா? (தென்னை விவசாயி, எருத்தேம்பதி)

பதில்: அண்ணா, ஓசின்னு சொன்னதும் நம்ம பக்கத்துக்காரங்களுக்கு பிளாச்சிமடை ஞாபகம் வரணும். பெருமாட்டி பஞ்சாயத்துல குளிர்பான ஃபேக்டரியோட கழிவுச் சேத்தை உரம்னு சொல்லி விவசாயிங்களுக்குக் குடுத்தாங்க, 2003ல டெஸ்ட் பண்ணிப் பாத்தா அதுல கேட்மியமும் ஈயமும் இருந்துச்சு. அது வேற கழிவு, இது வேற கழிவு, ஒத்துக்கறேன். வீட்டுக் கக்கூஸ் டேங்க்ல உலோகம் அவ்வளவு இருக்காது. ஆனா அந்த டேங்கர்ல வீட்டோடது மட்டும்தான் இருக்குன்னு உங்களுக்கு யாரு சொல்றது? ஹோட்டலு, ஆஸ்பத்திரி, பட்டறைன்னு எல்லாத்துலயும் உறிஞ்சிட்டு வர வண்டி அது.

வண்டு விஷயம் சொல்றேன். காண்டாமிருக வண்டு முட்டை வைக்கிறது மக்கற குவியல்ல, எருக்குழி, மக்கின தென்னந்தடி, மட்டை, தும்புக் குப்பை. கசடைக் கொண்டாந்து மட்டையோடயும் தும்போடயும் குவிச்சு வெச்சீங்கன்னா அதுக்கு பிரசவ ஆஸ்பத்திரி கட்டிக் குடுத்த மாதிரிதான், வளந்து வந்ததும் உங்க மரத்துக் குருத்தையே தொளைக்கும், ஓலை விரியும்போது முக்கோணமா வெட்டுப்பட்டுத் தெரியும். ஏற்கனவே குவியல் இருந்தா கெளறி வெள்ளைப் புழுவைப் பொறுக்கிடுங்க, அந்தப் புழுவைக் கொல்ற மெட்டாரைசியம் பூஞ்சாணம் வேளாண் ஆபீஸ்ல கேட்டு வாங்கிக் கலந்துவிடுங்க.

பச்சையா கொட்டறதுக்கு மட்டும் சம்மதிக்கவே சம்மதிக்காதீங்க. நம்மூர் சூட்டுல கூட ஒரு வருஷத்துக்கு மேல மூடிக் காஞ்சு கெடந்தாத்தான் புழு முட்டையெல்லாம் அடங்கும்னு உலக சுகாதார நிறுவனம் 2006ல போட்ட வழிகாட்டியில இருக்கு. பாத்தியில வெறுங்காலோட தண்ணி கட்டறது நீங்களும் உங்க ஆளுங்களும்தான்.

பக்கத்துத் தோப்புல ஏற்கனவே கொட்டியிருந்தா மண்ண டெஸ்ட் பண்ண காசில்லாத வழி ஒண்ணு இருக்கு. மண்புழு பூச்சி இல்லைன்னாலும் இதுக்கு அதுதான் சரியான ஆளு. ஒரு டப்பாவ நடுவுல அட்டை வெச்சுப் பிரிங்க, ஒரு பக்கம் கசடு பட்ட மண்ணு, மறுபக்கம் படாத மண்ணு, ரெண்டுலயும் ஈரம் ஒரே அளவு. அட்டைய எடுத்துட்டு நடுக்கோட்டுல 10 புழு விடுங்க, 48 மணி நேரம் இருட்டுல மூடி வெச்சுட்டு மறுபடி அட்டைய சொருகி எண்ணுங்க. சில டப்பா வெச்சுப் பண்ணி மொத்தத்துல 80 சதவீதத்துக்கு மேல நல்ல மண்ணு பக்கம் போயிருந்தா அந்த மண்ணுல வாழ முடியலைன்னு புழுவே காட்டிக்குடுத்துடுச்சு, லேபுங்களும் இதே கணக்குதான் வெச்சிருக்காங்க. எறும்பு, நெலவண்டு, சாணி வண்டு எல்லாம் பாக்கணும்னா பிளாஸ்டிக் கிளாஸ தரை மட்டத்துக்குப் பொதைச்சு, அடியில கொஞ்சம் சோப்புத் தண்ணி ஊத்தி, ராத்திரி விட்டு காலையில எண்ணுங்க, ரெண்டு தோப்புலயும் ஒரே ராத்திரியில.

கேள்வி: கொட்டினதுலேர்ந்து சாயங்காலம் கதவ தொறக்க முடியல, அவ்வளவு கொசு. பொகை அடிக்கச் சொல்லி பஞ்சாயத்துல கேட்டிருக்கோம். மண்ணெண்ணெய் ஊத்தலாமா? டெங்கு வருமா? (குடும்பத் தலைவி, கோவிந்தாபுரம்)

பதில்: அந்தத் தண்ணியில பெருகறது பெரும்பாலும் கியூலெக்ஸ் அக்கா, யானைக்கால் நோயைப் பரப்பற ஜாதி. நூத்துக்கணக்குல முட்டைய ஒட்டவெச்சு சின்னத் தெப்பம் மாதிரி மெதக்க விடும், உத்துப் பாத்தா கருப்பா அரிசி அளவுக்குத் தெரியும். டெங்கு பரப்பற ஏடிஸ் உங்க வீட்டு டிரம்முலயும் செரட்டையிலயும் நல்ல தண்ணியிலதான் வைக்கும், பள்ளத்தையே திட்டிட்டு செரட்டைய கவுக்காம விட்டுடாதீங்க.

பொகை பறக்கற கொசுவைத்தான் கொல்லும், தண்ணிக்குள்ள இருக்கிற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது, அடுத்த வாரம் மறுபடியும் வரும். மண்ணெண்ணெய், பழைய ஆயில் வேண்டவே வேண்டாம், கொசுப்புழுவைத் தின்னற தட்டான் புழு, நீர்வண்டு எல்லாம் சேந்து செத்துடும், அதுங்க திரும்ப வர மாசக்கணக்காகும், கொசுவுக்கு சில நாள் போதும். கொசுப்புழுவைத் தின்னும்னு விடற கம்பூசியா மீனையும் ஓடையில விடாதீங்க, நம்ம ஊர் மீன் குஞ்சையும் தவளைக் குஞ்சையும் தின்னுடும். பாக்டீரியா மருந்து கேட்டா லைசினிபேசில்லஸ் ஸ்ஃபெரிக்கஸ் இருக்கான்னு கேளுங்க, அழுக்குத் தண்ணியில பி.டி.ஐ.ங்கற இன்னொரு பாக்டீரியா மருந்தைவிட அது கொஞ்சம் நின்னு வேலை செய்யும். இன்னைக்கே பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு, உங்க செப்டிக் டேங்க் வென்ட் பைப் வாயில கொசுவலைத் துணி கட்டுங்க. தெருவுல எல்லா வீட்டுலயும் கட்டினா வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

கேள்வி: சார், மெடிக்கல் ஷாப்ல வேலை பாக்கறேன். காலாவதியான மாத்திரைய பாத்ரூம்ல போட்டு ஃப்ளஷ் பண்றாங்க. அது பூச்சி வரைக்கும் போகுமா? (பொள்ளாச்சி)

பதில்: போகும் தம்பி. முழுங்கின மாத்திரையிலயே ஒரு பங்கு நம்ம ஒடம்பு வழியா வெளிய போயிடுது, நீங்க சொல்றது அதுக்கு மேல. ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் பக்கத்து ஓடைங்கள்ல ஆராய்ச்சி பண்ணி 2018ல வெளியிட்டாங்க, ஓடைப் பூச்சிங்க ஒடம்புல 60க்கும் மேல மருந்து வகை இருந்துச்சு, அதைவிட முக்கியமா ஓடையோரத்துல வலை கட்டியிருந்த சிலந்திங்க ஒடம்புலயும் இருந்துச்சு. சிலந்தி தண்ணியில எறங்கறதே இல்ல, பறந்து வந்த பூச்சியத் தின்னு அது வழியா போயிருக்கு. அப்ப அதையெல்லாம் தின்னற கரிச்சான்குருவி, தவளை, வௌவால்? நம்ம பள்ளத்துலயும் இந்த வழி இருக்கு. மாட்டுக்குக் குடற்புழு மருந்தா குடுக்கிற ஐவர்மெக்டின் சாணியில வந்து சாணி வண்டுப் புழுவைக் கொல்றது உலகம் பூரா தெரிஞ்ச சங்கதி. காலாவதி மாத்திரைய கம்பெனி சப்ளையர்கிட்ட திருப்பி அனுப்புங்க, ஃப்ளஷ் மட்டும் வேண்டாம்.

கேள்வி: தேனீ வளக்கறேன். அந்த அழுக்குத் தண்ணியில தேனீ உக்காருது, தேன் கெட்டுப்போகுமா? (நல்லேப்பிள்ளி)

பதில்: தேனீக்கு உப்புச்சத்து உள்ள, வாடை அடிக்கிற தண்ணி புடிக்கும், சுத்தமான தண்ணிய விட்டுட்டு அதுல போய் உக்காரும். அந்தத் தண்ணியப் பெரும்பாலும் கூட்டைக் குளுமையாக்கவும் புழுவுக்குத் தீனி கரைக்கவும்தான் எடுத்துட்டுப் போகும். ஆனா பூச்சிமருந்து, ஃபினாயில் கலந்திருந்தா தேனீயே சாகும். பெட்டிக்கிட்ட ஒரு தட்டுல கூழாங்கல்லு போட்டு, தண்ணியில ரெண்டு சிட்டிகை கல்லுப்பு கரைச்சு வெச்சுப் பழக்குங்க, வெயில் காலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வெச்சுடணும், ஒரு தடவை அழுக்கு எடத்துக்குப் பழகிட்டா திருப்பறது கஷ்டம்.

கேள்வி: கருப்பு சோல்ஜர் ஈ புழு கக்கூஸ் கசடையே தின்னு தீர்த்துடும்னு வீடியோவுல பாத்தேன். அந்தப் புழுவை கோழிக்குப் போடலாமா? (கோழிப்பண்ணை, வடகரப்பதி)

பதில்: தின்னும், மலக்கசடை அந்தப் புழு வெச்சுக் கொறைக்கிறதப் பத்தி பல நாட்டுல ஆராய்ச்சி நடந்திருக்கு. ஆனா எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாத கசடுல வளத்த புழுவைக் கோழிக்குப் போடாதீங்க. கசடுல கேட்மியம் இருந்தா இந்தப் புழு அதை ஒடம்புல சேத்து வெச்சுக்கும், புழு சாகாது, நல்லா கொழுகொழுன்னுதான் இருக்கும். அப்புறம் கோழி, முட்டை, நம்ம பிள்ளைங்க தட்டுன்னு அது போகும். காய்கறிக் கழிவுலயோ மாவு மில்லு தவுட்டுலயோ வளத்தா தாராளமாப் போடுங்க.

கேள்வி: இவ்வளவு டெஸ்ட் பண்ணி வெச்சா அதை வெச்சு கேஸ் போட முடியுமா? லாரி ஒரு ஸ்டேட்லேர்ந்து வருது, கொட்டறது இன்னொரு ஸ்டேட்ல. (கோபாலபுரம்)

பதில்: உங்க பூச்சிக் கணக்கு புகாருக்கு பலம் சேக்கும், ஆனா தண்ணி சாம்பிள் மாசுக்கட்டுப்பாட்டு வாரிய ஆபீசர் முறைப்படி எடுத்தாத்தான் கோர்ட்டுல நிக்கும். 1974 தண்ணீர்ச் சட்டம் 24ஆவது பிரிவு, ஓடையிலயோ கெணத்துலயோ விஷமான அழுக்கான பொருளைத் தெரிஞ்சே விடறதைத் தடை பண்ணுது, புகார்ல அதைக் குறிப்பிட்டு எழுதுங்க, ரெண்டு ஸ்டேட் வாரியத்துக்கும் காப்பி போடுங்க. பசுமைத் தீர்ப்பாயத்தோட தெற்கு பெஞ்ச் சென்னையில இருக்கு, தமிழ்நாடும் கேரளாவும் ரெண்டுமே அதுக்குக் கீழதான் வருது. 2024 டிசம்பர்ல திருநெல்வேலி பக்கம் கேரளாவோட ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டினப்ப தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, கேரளாவே லாரி கொண்டாந்து திரும்ப அள்ளிட்டுப் போச்சு, அதனால நடக்காதுன்னு சோர்ந்துடாதீங்க.

தண்ணிக்கு பார்டர் கெடையாதுங்கறதையும் சேத்து எழுதுங்க. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு வழியா கேரளாவுக்குப் போகுது, அது சித்தூர்ப்புழையாகி பாரதப்புழையில சேருது. ஆழியாத்துப் பக்கம் கொட்டினா இந்தப் பக்கம் குடிக்கிறாங்க, அதனால ரெண்டு பக்கத்துப் பஞ்சாயத்தும் சேந்து மனு குடுத்தா எடை கூடும்.

உங்க வீட்டு டேங்க் எடுக்கும்போது, கசடை எங்க கொண்டுபோய் எறக்கறீங்கன்னு லாரிக்காரர்கிட்ட கேளுங்க, தமிழ்நாட்டுல இருந்தா செப்டிக் டேங்க் ஹெல்ப்லைன் 14420க்குப் போன் பண்ணி லைசென்ஸ் வண்டி கேளுங்க, டேங்குக்குள்ள ஆளை எறக்க விடவே விடாதீங்க, 2013லயே சட்டம் போட்டு தடுத்தது அது. ராத்திரி வண்டி வந்தா தனியாப் போய் மறிக்காதீங்க, நாலு பேரா நின்னு தூரத்துலேர்ந்து நம்பர் தெரியற மாதிரி ஃபோட்டோ எடுங்க, நேரமும் எடமும் ஃபோட்டோவுலயே பதியற மாதிரி செட்டிங் போட்டுட்டு, அப்பவே போலீசுக்குப் போன் பண்ணுங்க.